முடிச்சில்லாத துளசி மாடம்

புது மேட்டித் துணிக்கு, வடித்த கஞ்சி ஆறி ஏடு படியும் நேரத்து மணம் உண்டு. கட்டம் கட்டமாக இழை தெரியும்படி நெய்த அந்தக் கெட்டித் துணியை முதல் தடவை கையில் வாங்கியபோது என் அம்மா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அதோடு நிற்காமல் ஒரு மூலையைப் பல்லால் கவ்வி இழுத்தும் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூவேலை கற்க வந்த இடத்தில் துணியைக் கடித்துப் பார்த்தவர் அதற்குமுன் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அம்மா பிறந்த ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் சாக்கு வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

அப்பாவுக்கு மைசூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு சந்தில், கீழே வீட்டுக்காரரும் மாடியில் நாங்களுமாகக் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ. வீட்டுக்காரர் பேரனுக்குப் பெயர் வைக்கும் விசேஷத்தில் நாங்களும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு முன்னால் ஒரு பெரிய அம்மாள், கருநீலத்தில் ஒரு சேலை உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சேலையின் முந்தானை முழுக்கச் சிறிய கோபுரங்களும் தேர்களும் யானைகளும் நூலால் போடப்பட்டிருந்தன. எல்லோரும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மட்டும் அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்காமல் கொள்ளாமல், அதன் நுனியைப் பிடித்துப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தாள்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முந்தானையை நடுச்சபையில் புரட்டிப் பார்ப்பது மைசூரின் எந்த மரியாதையிலும் சேராது. அந்த அம்மாள் திரும்பினார். அம்மா முந்தானையை விடவில்லை; என் பக்கம் திரும்பி, "பாத்தியா அம்மிணி, முன்னாடி எப்படியோ பின்னாடியும் அப்படியே. ஒண்ணையும் ஒளிச்சு வெக்கலை" என்றாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஒரு சேலையை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருத்தியைக் கண்ட திருப்தி அவர் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். "சனிவார பர்ரி" என்றார். சனிக்கிழமை வாருங்கள் என்று அர்த்தம். எங்கே, எதற்கு என்பதெல்லாம் பிறகு வீட்டுக்கார அம்மா சொல்லித் தெரிந்தது. அவர் தார்வாட்டிலிருந்து வந்தவர். மொஹல்லாவிலேயே ஒரு மகளிர் சங்கத்தின் மாடி அறையில் 'கசூதி' என்கிற அந்த நூல்வேலையைக் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் டீச்சரம்மா.

அப்பா சிரித்தார். "ஏம்புள்ளே, துணிக்குப் பின்பக்கத்தை யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்தனே" என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்து அம்மா தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். புடவை கேட்டதில்லை, வளையல் கேட்டதில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு அரசு அலுவலகங்களில் ஒரு வழி உண்டு, அதைச் செய்தார். "சரி, ஒரு வகுப்பு போய்ப் பாரு. தேறிட்டா மேல போ. தேறாட்டி நின்னுக்கணும். அப்பறம் இந்தப் பேச்சே கூடாது."

வகுப்பின் விதியும் அப்பாவின் விதியோடு பேசி வைத்துக்கொண்டதுபோலவே இருந்தது. மழைக்காலத்தில் தொடங்கும் முதல் வகுப்பு தசராவுக்கு முன் முடியும். முடிவில் ஒவ்வொருவரும் ஒரு துளசி மாடம் போட்டுக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எங்கும் ஒரு முடிச்சு இருக்கக் கூடாது. அப்படிப் போட்டுக் காட்டினால், சேலையில் வேலை செய்யும் அடுத்த வகுப்பில் இடம். இல்லாவிட்டால், இடத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் நிறைய, எழுந்துகொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு மார்க்கெட்டில் விலை பேசும் அளவுக்குக் கன்னடம் உண்டு. டீச்சரம்மாவின் தார்வாட்டுக் கன்னடமோ மைசூர்ப் பெண்களே அரைகுறையாகப் புரிந்துகொள்வது. எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ரி' வேறு. பள்ளியில் கன்னடம் படித்த நான் துபாஷியாகப் போனேன். டீச்சரம்மா ஒரு விதியைச் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், அம்மா தலையாட்டுவாள், பிறகு அந்த விதியை மீறுவாள். பிற்காலத்தில் கருவூலத்தில் நான் பார்த்த உத்தியோகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

விதிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். துணியில் பென்சிலால் வரையக் கூடாது. இழையை எண்ணித்தான் ஊசியை இறக்க வேண்டும். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் கூடாது. ஒரு தையல் விட்டு ஒரு தையலாகக் கோட்டின் மேல் போக வேண்டும். போய் முடிந்ததும் அதே வழியில் திரும்பி வந்து, விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். இதற்குக் 'கவந்தி' என்று பெயர். திரும்பி வந்து சேரும்போது கோடு இரண்டு பக்கமும் நிறைந்திருக்கும். நூல் முடியும் இடத்தில், மிச்சமிருக்கும் வாலைத் தையல்களுக்கு அடியில் ஓட்டி மறைக்க வேண்டும். முடிச்சு மட்டும் கூடவே கூடாது.

எனக்கும் ஒரு துண்டுத் துணியும் ஊசியும் கிடைத்தன. நான் போட்டது மாடமா மாட்டுவண்டியா என்று டீச்சரம்மா உண்மையாகவே கேட்டார். விதி தெரிந்தவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது என்பதை நான் அன்றே உணர்ந்துவிட்டேன். அதனால் என் துணியை மடித்து வைத்துவிட்டு மற்றவர்களைக் கவனிப்பதில் இறங்கினேன். எல்லோரையும்விட வேடிக்கையாக இருந்தது என் அம்மாதான். வீட்டில் எதையும் யாரிடமும் கேட்காமல் செய்கிறவள், இங்கே ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, தவறும்போது என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களும் ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

அவளுடைய முதல் தொந்தரவு, இழுப்பது. கல்யாணத்துக்கு முன்பு அவள் ஊரில் ராகி மூட்டைகளுக்கு வாய் தைத்த கை அது. கோணி ஊசியில் சணல் கோத்து ஒவ்வொரு தையலையும் காலை முட்டுக்கொடுத்து இழுத்த பழக்கத்தில், பூவேலை நூலையும் இழுத்தாள். துணி சுருக்குப்பை மாதிரி கூம்பிக்கொண்டது. மாவு மில்காரர் மனைவி நாகரத்தினம்மா, அந்த வகுப்பிலேயே மெல்லிய கை அவருக்குத்தான், எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, ராகி மூட்டே ஹொலீதித்தீரா?" என்று கேட்டார். ராகி மூட்டையா தைக்கிறீர்கள் என்று நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. ராகியும் மூட்டையும் இரண்டு மொழிக்கும் பொது.

அம்மா தலை நிமிராமல், "மூட்டை தெச்சிருந்தா நாலு பேரு வவுறாவது நெறைஞ்சிருக்கும்னு சொல்லு அம்மிணி" என்றாள்.

"அம்மா உங்கள் துணியைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாராம்" என்று நான் கன்னடத்தில் சொன்னேன். நாகரத்தினம்மா மகிழ்ந்துபோய்த் தன் துணியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி, வழக்கம்போல, முதலில் புரட்டினாள். பின்பக்கம் அப்படியொன்றும் ஒழுங்காக இல்லை. அம்மா எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அந்த மௌனத்தை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்காதது நல்லதாகப் போயிற்று.

இழுக்கும் பழக்கம் மழை விடுவதற்குள் மெல்ல மெல்லப் போயிற்று. முடிச்சுதான் போகவில்லை.

"முடிச்சுப் போடாம எதை நம்பி உடறது?" இதுதான் அவள் கேள்வி. "தொவைக்கறப்ப உருவிட்டு வந்துருச்சுன்னா இந்தம்மா வந்து தெச்சுக் குடுப்பாங்களா? கேளு."

துவைக்கும்போது கவனமாக இருக்க வேண்டுமா என்று அம்மா கேட்பதாகச் சொன்னேன். டீச்சரம்மா என்னை ஒரு தரம், அம்மாவை ஒரு தரம் பார்த்தார். நான் கொடுத்த பாதிக்கும் அம்மா கேட்ட முழுசுக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நூலை நூல்தான் பிடிக்கும், முடிச்சு பிடிக்காது" என்றார். நான் சொன்னேன். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த வாரமும் அவள் துணியில் கடுகளவில் முடிச்சுகள் இருந்தன, தையலுக்குள் அமுக்கி மறைத்து. டீச்சரம்மா துணியைக் கண்ணால் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மேலும் கீழும் தடவுவார். விரல் நிற்கும் இடத்தில் முடிச்சு இருக்கும். அதை ஊசி முனையால் கிளறி எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்தவரிடம் போய்விடுவார்.

அம்மா ஏன் அப்படி அடம்பிடித்தாள் என்பதை ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஹனூர்ச் சந்தைக்கு வண்டியில் மூட்டைகள் போயிருக்கின்றன. அவள் தைத்த ராகி மூட்டை ஒன்றில் கடைசி முடிச்சு நழுவிவிட்டது. "சர்ருனு ஒரே இழுப்புல வாயி தொறந்துக்கிச்சு அம்மிணி. ஊரு எல்லையில இருந்து சந்தை வரைக்கும் ரோட்டுல ராயி. எங்கய்யன் ஒண்ணும் வையலை. குனிஞ்சு அள்ளிக்கிட்டே நடந்து வந்தாரு. வைஞ்சிருந்தாக்கூடத் தேவலை."

தசரா நெருங்கிற்று. அரண்மனைப் பக்கம் விளக்குகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்பா அம்மாவின் துணிப் பையைக் கண்ணால் காட்டி, "என்ன, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்கலானார். கேலிதான், ஆனால் கேலிக்கு அடியில் அந்தப் பழைய ஒப்பந்தம் இருந்தது. சனிக்கிழமை மதியங்களில் அவள் தலை வாரி, வெளுத்த புடவை உடுத்தி, என் கையைக்கூடப் பிடிக்காமல் முன்னே நடக்கும் நடை எனக்குத் தெரியும். அந்த நடை நிற்குமா தொடருமா என்பது இந்த ஒரு துண்டுத் துணியில் மாட்டிக்கொண்டிருந்தது.

துளசி மாடத்தில் மாடம் எளிது, செடிதான் சிக்கல். தண்டிலிருந்து ஒவ்வோர் இலைக்கும் கிளை பிரியும். ஒரு கிளைக்குள் போய்த் திரும்பி வர மறந்தால், பின்பு அந்த இடம் ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் ஓட்டையாகவும் இருக்கும். அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அம்மா மூன்று நான்கு தடவை அவிழ்த்தாள். ஒரு காலை, மார்க்கெட்டில் என்னை முன்னால் விட்டு நடந்துகொண்டிருந்தவள் பூக்கடை வரிசை நடுவில் திடீரென்று நின்றாள்.

"அம்மிணி, நாம எப்படி வாங்கறோம்?"

"என்னது?"

"போறப்ப எல்லாக் கடையிலயும் வெலை கேட்டுக்கிட்டே போறோம். ஒண்ணும் வாங்கறதில்லை. கடைசி வரைக்கும் போயிட்டு, அதே வழியில வர்றப்பதான் வாங்கறோம். நடுவுல வாழையெலைச் சந்து வந்தா உள்ள போயிட்டு, வாங்கிட்டு, வெளிய வந்துதானே மறுபடி நடக்கறோம்?"

"ஆமா."

"அவ்வளவுதான் அது" என்றாள்.

காலிக் கூடையோடு நின்றுகொண்டு, காற்றில் ஒரு விரலால் தண்டும் இலையுமாகப் போய்த் திரும்பி வந்தாள். மல்லிகை முழம் போட்டுக்கொண்டிருந்தவர், "ஏனு பேக்கு அம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். என்ன வேண்டும் என்று அவர் கேட்டதற்கு அம்மா, "பர்த்தா பர்த்தா" என்றாள். வரும்போது, வரும்போது. அன்றிலிருந்து அவள் செடியை அவிழ்க்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். டீச்சரம்மா ஒவ்வொரு துணியாக மடியில் வைத்துத் தடவினார். நாகரத்தினம்மாவின் துணியில் விரல் ஓர் இடத்தில் தயங்கிப் பிறகு நகர்ந்தது. அவர் விட்ட மூச்சு எங்களுக்குக் கேட்டது. அம்மாவின் முறை வந்தது. மேட்டித் துணி தட்டையாக, சுருக்கமே இல்லாமல் விரிந்தது. விரல் மாடத்தின் அடியில் தொடங்கி மேலே போயிற்று. இலை இலையாக உள்ளே போய் வெளியே வந்தது. துணியைப் புரட்டி மறுபக்கத்திலும் அதே வழி. உச்சிக் கொழுந்தில் விரல் நின்றுவிட்டது.

"கண்ட்டு" என்றார். முடிச்சு.

டீச்சரம்மா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நூலின் வால் விதிப்படி தையல்களுக்கு அடியில் ஓடியிருந்தது. ஒரு குறையும் இல்லை. ஓடி முடிந்து வெளியே வந்த நுனியில், கடுகைவிடச் சிறியதாக, ஒரு முடிச்சு. பத்திரத்தில் முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டு, அதற்கு மேல் ஒரு கோந்தும் தடவினாற்போல.

"யாகரி?" என்று கேட்டார் டீச்சரம்மா. ஏன் என்று கேட்கிறார் என நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையமர்த்தினாள். அவளே, மார்க்கெட்டுக் கன்னடத்தில், "பய ஆகுத்தே" என்றாள். பயமாக இருக்கிறது.

டீச்சரம்மா தன் இடுப்புப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். முடிச்சை நீங்களே வெட்டுங்கள், வெட்டிவிட்டு நாலு மூலையும் பிடித்து இழுங்கள்; ஒரு தையல் நெகிழ்ந்தாலும் இடமில்லை, நெகிழாவிட்டால் இருக்கிறது. இதை நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்த வகுப்பில் அப்படிச் செய்தது அது ஒரு தரம்தான்.

அம்மா கத்தரியை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். "வேண்டாம்மா, கிளறி எடுத்துட்டு மறுபடி ஓட்டிக்கலாம்னு கேட்டுப் பாக்கட்டுமா?" என்று நான் காதருகே கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, நாக்கை நீட்டிக்கொண்டு, வெட்டினாள். முடிச்சு எங்கோ தெறித்தது. பிறகு துணியின் இரண்டு மூலைகளைப் பிடித்து, மூட்டை வாயை இறுக்குகிற அந்தப் பழைய பலத்தோடு இழுத்தாள். மற்ற இரண்டு மூலைகளையும் இழுத்தாள். உதறினாள். டீச்சரம்மா 'போதும் போதும்' என்று கையைக் காட்டியும் இன்னொரு தரம் இழுத்தாள்.

எதுவும் வரவில்லை. இலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

டீச்சரம்மா பின்னால் இருந்த துணிக்கட்டிலிருந்து கருநீலச் சேலைத் துணி ஒன்றை உருவி, அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, அடுத்தவரின் துணிக்குக் கை நீட்டினார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஒன்றும் வாங்கவில்லை, விலையும் கேட்கவில்லை. சந்து முனையில் மட்டும், "அத்தனை நாளும் அது சும்மாத்தான் இருந்திருக்குது, இல்லியா அம்மிணி?" என்றாள். முடிச்சைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அப்பா அன்று மாலை அந்தத் துண்டை வாங்கி, அலுவலகக் காகிதம் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் புரட்டினார், மறுபடி புரட்டினார்.

"இதுல எது முன்பக்கம்?"

"தெரியலைங்களா?" என்றாள் அம்மா. "அப்பச் சரி." அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமைகள் டீச்சரம்மா தார்வாட்டுக்கே திரும்பிப் போகும்வரை, பல வருஷங்கள் நடந்தன.

கசூதி அழிந்துவிட்டது என்று நான் எழுதப்போகிறேன் என எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. மைசூரில் எந்தக் கடைக்குப் போனாலும் யானையும் தேருமாக மெஷின் போட்ட சேலைகள் மலையாகக் கிடக்கின்றன. பழக்க தோஷத்தில் புரட்டிப் பார்த்தால், உள்ளே வெள்ளைக் காகிதம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். "மேடம், அது உள்பக்கம்" என்று கடைக்காரப் பெண் பரிவோடு திருத்துகிறாள். போனிலோ, தொடக்கக்காரர்களுக்காகவே ஆயிரம் பாடங்கள். என் மகன் அனுப்பிய ஒன்றைத் திறந்தேன், முதலில் நூல் நுனியில் நன்றாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தது, மூடிவிட்டேன். போய்விட்டவை வேறு. அந்த மாடி அறை இருந்த கட்டடத்தில் இப்போது போன் உறைகள் விற்கிறார்கள். டீச்சரம்மாவின் கட்டைவிரல் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள்.

அம்மாவின் துளசி மாடத்தை மகன், நான் ஓய்வு பெற்றபோது, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தான். நல்ல எண்ணம்தான். ஆனால் பின்னால் பலகை வைத்து அடித்துப் பழுப்புக் காகிதமும் ஒட்டிவிட்டார்கள். அம்மாவின் வேலையில் பாதி சுவரைப் பார்த்துக்கொண்டு மாட்டியிருந்தது. சில வருஷம் பொறுத்துப் பார்த்தேன். போன வாரம் ஆணிகளைப் பிடுங்கித் துணியை வெளியே எடுத்துவிட்டேன். உச்சிக் கொழுந்தில் கத்தரி பட்ட இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கிடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் கீழிருந்து மேலே தடவினேன். விரல் எங்கும் நிற்கவில்லை.